குதிரைப் பவுணும் குப்பிப் பொன்னும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஸ்காபரோவில் எங்கள் வாசகர் வட்டம் ஆண்டுக்கு ஒரு மலர் போடுவது வழக்கம். மலரின் ஆசிரியர் றீற்றா ஒரு நாள் கூப்பிட்டார். “அக்கா, இந்த முறை கனடா வரலாறு. உங்களுக்குப் பொன் வேட்டையை ஒதுக்கியிருக்கிறன். யூக்கொன், குளொண்டைக், அதுகள்தான். உபதலைப்புப் போட்டு எழுதுங்கோ.”

நான் ஓம் என்றேன். பொன் வேட்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. எழுத்தாளர்கள் இப்படித்தான் பல விஷயங்களில் நிபுணர் ஆகிறார்கள்.

முதல் தொடக்கம்: “1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், வட கனடாவின் ஒரு சிற்றோடையில்—” [நிறுத்திவிட்டேன். பாடப்புத்தக வாடை.]

இரண்டாம் தொடக்கம்: “பொன்னாசை என்பது மனித குலத்தின்—” [மனித குலத்தில் தொடங்கும் எந்தக் கட்டுரையையும் நான் கடைசிவரை வாசித்ததில்லை. எனக்கே பொறுமையில்லாததை உங்கள் தலையில் கட்டுவானேன்?]

மூன்றாம் தொடக்கம்: “என் தங்கை மகன் மிதுனன், தான் கட்டப்போகும் தாலிக்கான பொன்னை ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறான்.”

இந்த வரியை என்னால் நிறுத்த முடியவில்லை. கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது. றீற்றா மன்னிக்கவேண்டும்.

2

மிதுனனைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தொரு வயது. மிசிசாகாவில் கணினி வேலை. நல்ல சம்பளம், நல்ல கார், இரண்டு திரைகள். ஒரு பெப்ரவரி மாதம் காலையில் வேலைக்குப் போனவன் கார் நிறுத்துமிடத்திலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காரிலிருந்தே தாய்க்குத் தொலைபேசி எடுத்து, “அம்மா, என்னால இறங்க ஏலாமல் கிடக்கு,” என்றான்.

மருத்துவர் பார்த்தார், மருந்து தந்தார். அந்தக் கோடையில் அவன் யூக்கொனில் உள்ள டோசன் என்ற ஊருக்குப் போய் ஒரு விடுதியில் கோப்பை கழுவும் வேலை எடுத்தான். ஏன் அந்த ஊர் என்று கேட்டதற்கு, “வரைபடத்தில அதுக்கு மேல பெரிசா ஒண்டும் இல்லை,” என்றான். இரண்டு கோடைகள் அங்கே இருந்தான். ஓய்வு நாட்களில், வருகிறவர்களுக்கென்று இலவசமாக விட்டிருக்கும் ஓர் ஓடைத் துண்டில், குளிர்ந்த தண்ணீருக்குள் நின்று தட்டில் மண்ணை அள்ளி அரித்தான். கிடைத்ததெல்லாம் சேர்த்து ஓர் உளுந்தளவு பொன். அதற்குள் அவனுக்குச் சிரிப்பும் பசியும் திரும்பிவிட்டன. திரும்பி வந்தவன் துர்க்காவைச் சந்தித்தான். இப்போது கல்யாணம்.

[இவ்வளவு நல்ல பிள்ளையைக் கதையில் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு குறை வைக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் தங்கை பிரதீபா சொன்னாள்: “குறையோ? ஃபோன் அடிச்சால் எடுக்கமாட்டான். சாப்பிட்ட கோப்பையை மேசையிலயே விடுவான், அங்க போய் ஊரார் கோப்பையெல்லாம் கழுவினவர். அதை எழுதுங்கோ.” எழுதிவிட்டேன்.]

* தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பொன்னுருக்கல் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, பொற்கொல்லரான பத்தர் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பொன் நாணயத்தை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். பெண் அங்கே வரக்கூடாது. அன்றிலிருந்து தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் பார்க்கவும் கூடாது.

மிதுனனின் ஆசை இவ்வளவுதான்: தன் குப்பியில் இருக்கும் உளுந்தளவையும் அந்த உருக்கலில் போடவேண்டும்.

3

றீற்றா கேட்ட கட்டுரை இந்தப் பகுதியில் இருக்கிறது. பந்திக்கு அவசரப்படுகிறவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். ஆனால் துர்க்கா ஏன் கோபித்தாள் என்று பிறகு என்னிடம் கேட்கக்கூடாது.

1896இல் குளொண்டைக் ஆற்றுப் பக்கத்துச் சிற்றோடை ஒன்றில் பொன் கிடைத்தது. செய்தி வெளியே பரவ ஒரு வருடம் எடுத்தது. பிறகு இலட்சம் பேர் புறப்பட்டார்கள் என்கிறார்கள். பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை. ஒரு வருடத்துக்கான சாப்பாடும் சாமானும் இல்லாதவர்களைப் பொலிசார் மலைக் கணவாயில் திருப்பி அனுப்பினார்கள். எல்லாமாக ஏறக்குறைய ஒரு தொன். மாவு, அவரை, பன்றி இறைச்சி, கூடாரம் என்று சிறிது சிறிதாகச் சுமந்து, அதே பனி மலையில் திரும்பத் திரும்ப ஏறினார்கள். பொதியில் இரண்டு கிலோ கூடிவிட்டால் விமான நிலையத்தில் சண்டைக்கு நிற்கிறவர்கள் நாங்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது நல்ல ஓடைகளெல்லாம் முன்பே வேறு ஆட்களின் பெயரில் இருந்தன. பலர் சும்மா ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குளொண்டைக் ஆறு யூக்கொன் ஆற்றோடு சேரும் இடத்தில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் காலங்காலமாகச் சமன் மீன் பிடித்து வாழ்ந்தார்கள். ஒரே வருடத்தில் அந்த இடம் வந்தவர்களால் நிரம்பியது. அவர்கள் ஆற்றோடு கீழே வேறிடத்துக்குப் போகவேண்டியதாயிற்று. போனபோது அவர்களின் தலைவர் ஒரு காரியம் செய்தார். இந்தச் சந்தடியில் தங்கள் பாட்டுகள் அழிந்துவிடும் என்று பயந்து, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் கொடுத்து வைத்தார். நகையைக் கொடுத்து வைப்பதுபோலப் பாட்டைக் கொடுத்து வைத்தார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் போய்க் கேட்டார்கள். பாட்டுகள் பத்திரமாக இருந்தன, திருப்பிக் கொடுத்தார்கள். இதை வாசித்த அன்று நான் வேறெதுவும் எழுதவில்லை.

பொன் வேட்டை வடக்கோடு முடியவுமில்லை. ஒன்ராறியோவின் போர்க்குபைனில் 1909இல் இன்னொன்று தொடங்கியது. அந்தக் காசு இரயிலேறி ரொறன்ரோவுக்கு வந்து, வங்கிகளும் பங்குச் சந்தையும் இருக்கும் பே வீதியில் இறங்கியது. இன்றைக்கும் உலகத்தின் சுரங்கக் கம்பனிகள் பங்கு விற்பதற்கு இந்த ஊருக்குத்தான் வருகின்றன. நாங்கள் கோப்பி வாங்க வரிசையில் நிற்கும் கட்டடங்களின் அத்திவாரத்தில் அந்தக் காசு இருக்கக்கூடும். “ஆகவே பொன் வேட்டையின் பண்பாட்டு மரபு என்பது—” [போதும். இப்படி “ஆகவே” போட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது.]

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூனியன்வில்லில் பிரதீபா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். மிதுனன் குப்பியை மேசையில் வைத்தான். துர்க்கா அதைத் தொடவில்லை.

துர்க்கா மிசிசாகாவில் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாள். குரலை உயர்த்தமாட்டாள். உயர்த்தாமலே மற்றவர்களை வாய் மூடவைக்கும் பழக்கம் அந்த வேலையில் வந்ததாக இருக்கவேண்டும்.

“மிதுனன், நான் பிள்ளையளுக்கு வகுப்பில இதைத்தான் படிப்பிக்கிறன்,” என்றாள். “அந்த ஆத்தில மீன் பிடிச்ச சனத்தைக் கலைச்சுப்போட்டு எடுத்த பொன். எங்கட சனத்தைக் கலைச்ச இடத்தில ஆரோ ஒருத்தன் போய் மண்ணை அரிச்சுத் தாலி செய்தால் நாங்கள் என்ன சொல்லுவம்?”

“நான் ஆரையும் கலைக்கேல்லை. நான் கோப்பை கழுவினனான்.”

“தெரியும்.”

“இட்ஸ் நொட் அபவுட் த கோல்ட், துர்க்கா. அங்க போகாட்டில் நான் இண்டைக்கு இந்த மேசையில இருந்திருக்கமாட்டன். அந்த ரெண்டு வருசம் எங்கட கலியாணத்தில இருக்கோணும் எண்டு ஆசைப்படுறன். வேற ஒண்டுமில்லை.”

“கழுத்தில போடப்போறது நான். உது கலந்தால் என்னால போட ஏலாது.”

இருவரும் சொன்னது சரி என்பதுதான் பெரிய தொல்லை. கதாபாத்திரங்களில் ஒருவராவது பிழையாக இருந்தால் எழுதுகிறவருக்கு வேலை சுகம்.

பிரதீபா எழுந்தாள். “சண்டையும் வேண்டாம், குப்பியும் வேண்டாம். என்னட்டைப் பவுண் இருக்கு.” மாடிக்குப் போய், ஒரு சின்னத் துணிப்பொட்டலத்தோடு இறங்கி வந்தாள்.

அந்தப் பவுணை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா இரண்டு பெண்களுக்கும் என்று இரண்டு குதிரைப் பவுண் வாங்கி வைத்திருந்தார். ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். என்னுடையது யாழ்ப்பாணத்தில் என் கல்யாணத்துக்கு உருகியது. பிரதீபாவுடையதை அவள் ஒரு மிளகாய்த்தூள் பேணிக்குள் புதைத்துக் கொண்டுவந்தாள். வழியில் எத்தனையோ பேர் பேணியைத் திறந்து, தும்மி, மூடினார்கள். ரொறன்ரோவில், பார்க்டேலில் அவளுக்கு அவசரக் கல்யாணம் நடந்தபோது உருக்கப் பத்தரும் இல்லை, நேரமும் இல்லை. கடைத் தாலி கட்டினாள். அதனால் பவுண் தப்பி நின்றது.

“எங்கட அப்பா வாங்கின லண்டன் பவுண்,” என்று துர்க்காவின் கையில் வைத்தாள். “ஆரின்ர நிலத்தையும் கிண்டினதில்லை. உதைவிடச் சுத்தம் வேற என்ன?”

துர்க்கா மரியாதைக்காகத்தான் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துப் படம்பிடித்துப் பெரிதாக்கினாள்.

“அன்ரி, குதிரையின்ர காலுக்குக் கீழ சின்னதா சி எண்டு ஒரு எழுத்து இருக்கு.”

“இருக்கட்டும். அதுக்கென்ன?”

துர்க்கா எதையோ தேடி வாசித்தாள். முகம் ஒரு மாதிரியாகப் போனது. “இந்த எழுத்து இருந்தால் லண்டனில அடிச்சதில்லையாம், அன்ரி. ஒட்டாவாவில அடிச்சதாம். கனடாப் பொன்னாம்.”

“ஒட்டாவா எண்டால்? இஞ்ச இருக்கிற ஒட்டாவாவோ?”

“ஓம்.”

பிரதீபா பவுணைத் திரும்ப வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் ஒளித்து வைத்த பொருள். அவளுக்குக் கோபம் வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

“பாருங்கோவன் அக்கா,” என்றாள். “நாங்கள் அகதியா வந்தம். இவர் தன்ர சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்.”

முதலில் சிரித்தது துர்க்கா. பிறகு எல்லோருமே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். குப்பி மேசையில் அப்படியே இருந்தது.

5

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். எழுதுகிறவள் வசதிக்காகப் பவுணில் ஓர் எழுத்தைப் பொறித்துவிட்டாள் என்று. றீற்றாவும் அதைத்தான் சொன்னார். “உப்பிடி நடக்குமே அக்கா? லண்டன் பவுண் எண்டே விடுங்கோ. அப்பதான் நம்புவினம்.”

* ஒட்டாவாவில் 1908இல் தொடங்கிய நாணயச் சாலை பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியான பவுண்களை அடித்தது. யூக்கொன் உட்படப் பல இடத்துப் பொன் அங்கே வந்து உருகியது. எந்த ஓடைப் பொன் எந்தப் பவுணில் போனது என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. எங்கள் பவுணில் 1911 என்று இருக்கிறது. அது எப்படி யாழ்ப்பாணத்துக்கு வந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் குதிரையைத்தான் பார்த்திருப்பார், குதிரையின் காலைப் பார்த்திருக்கமாட்டார்.

இதை எழுதும்போது என் கை கழுத்துக்குப் போகிறது. என் தாலி அதன் சோடிப் பவுணில் செய்தது. உருக்கியபோது யாரும் எழுத்துப் பார்க்கவில்லை. கனடாவோ, இலண்டனோ, இனித் தெரியப்போவதில்லை. அது எனக்குக் கவலையாக இல்லை. இத்தனை வருடம் என்னோடு இருந்துவிட்டது, எந்த ஊராக இருந்தாலும் சரி.

மறுநாள் துர்க்கா என்னை அழைத்தாள்.

“அன்ரி, நீங்கள் எழுதுறியளாம். எழுதுறதெண்டால் சரியா எழுதுங்கோ. நான் மனம் மாறினன் எண்டு எழுதாதேங்கோ. அது பிழையா எடுத்த பொன்தான். ஆனால் பவுணும் அப்பிடித்தான். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதைத் தள்ளினால் அது நேர்மையில்லை. குப்பிப் பொன் எங்கயிருந்து வந்தது எண்டாவது எங்களுக்குத் தெரியும்.”

“அப்ப போடச் சொல்லுறியோ?”

“இல்லை. மிதுனன் முடிவெடுக்கட்டும். என்னைச் சந்தோசப்படுத்த எண்டு விடவும் வேண்டாம், ரோசத்தில போடவும் வேண்டாம். எது செய்தாலும் கட்டிக்கொள்ளுவன். ஆனால் அவன்தான் சொல்லோணும், தன்ர வாயால. தெரியாமல் ஒண்டும் என்ர கழுத்தில ஏறாது.”

இதை மிதுனனிடம் அப்படியே சொன்னேன். அவன் தலையாட்டினான். சடங்கு விதியைத் தங்கை இந்தக் காலத்துக்கு ஏற்ப நீட்டியிருந்தாள்: பொன்னுருக்கினால் பிறகு பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது, குறுஞ்செய்தியும் கூடாது. ஆகவே அவன் அவளுக்குச் சொல்ல மிஞ்சுவது ஒரே இடம், மணவறை.

பொன்னுருக்கலுக்கு முன்பாக நான் எழுதி வைத்த முடிவுகள் இவை:

(அ) மிதுனன் குப்பியை டோசனுக்குத் திரும்பக் கொண்டுபோய் ஓடையில் கொட்டுகிறான். மாலை வெயில். [அழகுதான். ஆனால் மறுவாரம் ஒரு சுற்றுலாப் பயணி அதை அரித்துக்கொண்டு போவார்.]

(ஆ) பவுணும் குப்பியும் ஒன்றாக உருகுகின்றன, எல்லோர் மனமும் அப்படியே. [றீற்றா இதைத்தான் கேட்பார்.]

(இ) குப்பியைப் பத்திரப்படுத்தி, இருபது வருடம் கழித்துத் தன் மகளுக்கு— [“பிறக்காத பிள்ளையைக் கதைக்குள்ள இழுக்காதேங்கோ!” என்று பிரதீபா.]

6

பொன்னுருக்கல் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். தலைமுடியில் இன்னும் புகை மணக்கிறது.

பத்தர் இராஜரட்ணம் மார்க்கம் வீதியில் கடை வைத்திருப்பவர். “கையடுப்பு கொண்டந்திருக்கிறன், ரெண்டு நிமிச வேலை,” என்றார். பிரதீபா விடவில்லை. உமியும் கரியும் போட்ட சட்டியில்தான் உருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ உமி தேடி வைத்திருந்தாள். மிதுனனின் அப்பா முன்னெச்சரிக்கையாகச் சமையலறைப் புகைமணியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். மற்ற மணிகளும் கம்பியில் இணைந்தவை, ஒன்று அலறினால் எல்லாம் அலறும் என்பதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

நான் பத்தருக்கு நேரெதிரே சோபா நுனியில் இடம் பிடித்தேன். வந்ததே இந்த ஒரு காட்சிக்காகத்தான். மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்துக்குள் பவுணை வைத்தார். கரி சிவந்தது. குதிரையின் கால் முதலில் மங்கியது, அந்த எழுத்தும் அதோடு போயிருக்கும். மிதுனன் பட்டு வேட்டி மடிப்பிலிருந்து குப்பியை எடுத்தான். மூடியைத் திருகினான்.

மணி அலறியது. கீழே, மேலே, நிலவறையில், எல்லா இடத்திலும்.

இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் மூளைக்கு முன் கை வேலை செய்யும். மிதுனனின் அப்பா துவாயை உருவினார். பிரதீபா வெற்றிலைத் தட்டைத் தூக்கினாள். விருந்தாளிகள் சால்வை, சேலைத் தலைப்பு, கல்யாண அழைப்பிதழ் என்று கையில் அகப்பட்டதால் கூரையைப் பார்த்து வீசினார்கள். “தீயணைப்புக்காரர் வந்தால் நல்ல நேரம் போயிடும்!” என்று யாரோ கத்தினார்கள். நான் சோபாமேல் ஏறி நின்று மெத்தை உறையால் விசிறிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கதையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு.

சத்தம் ஓய்ந்து திரும்பியபோது சட்டியின் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும் அசையாமல் இருந்தார்கள், பத்தரும் மிதுனனும். மூசைக்குள் குதிரை இல்லை. ஒரு துளி வெளிச்சம் இருந்தது. மிதுனனின் கைகள் மடியில், வெறுமையாக.

“போட்டவனோ?” என்று பிரதீபா பத்தரிடம் கேட்டாள்.

“பொன் நல்லா உருகியிருக்கு, பிள்ளை,” என்றார் பத்தர். இடுக்கியை எடுத்தார்.

பிறகு சமையலறையில் கோப்பைகளோடு கோப்பையாகக் குப்பி கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தது. சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விடுகிற பிள்ளை, இதை மட்டும் தன் கையால் கழுவியிருக்கிறான். குப்பி வெறுமை என்பது மட்டும் எனக்குத் தெரியும். உள்ளே இருந்தது மூசைக்குள் போனதா, கரியில் விழுந்ததா, தண்ணீரோடு போனதா, தெரியாது. பத்தரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை. துர்க்காவுக்கு முன் எனக்குத் தெரியக்கூடாது.

7

கல்யாணம் ஸ்காபரோ மண்டபத்தில் நடந்தது. நான் மணவறைக்கு ஒரு கை தூரத்தில் விளக்கோடு நின்றேன். இந்த முறை என்ன அலறினாலும் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கெட்டிமேளம் தொடங்கியது. மிதுனன் தாலியை எடுத்தான். கட்டவில்லை. துர்க்காவின் காதருகே குனிந்தான். அவன் உதடுகள் அசைந்தன, நான் கண்ணால் பார்த்தேன். தவில்காரர்கள் தங்கள் வாழ்நாள் அடியை அந்த நேரத்தில்தான் அடித்தார்கள். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

துர்க்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நான் கண்ட மணப்பெண் முகங்களில் இப்படி நிம்மதியான முகம் வேறில்லை. பிறகு அவள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். அவன் முடிச்சுப் போட்டான். மேளம் நின்றது. நின்ற அந்தக் கணத்தில் அவள் சொன்ன பதில் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஓம். நினைச்சனான்.”

பிரதீபா என் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னவாம்? என்ன சொன்னவன்?”

“கேக்கேல்லை.”

“நீங்களும் ஒரு எழுத்தாளர்!” என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு இதுவே போதுமாக இருக்கிறது. நான் பந்திக்குப் போகிறேன். மிச்சம் உங்களுடையது.

மிதுனன் குனிந்து சொன்னது: “.........................................”

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். துர்க்காவின் பதிலை மட்டும் மாற்றவேண்டாம். “போட்டனான்”, “போடேல்லை”, இரண்டுக்கும் அது பொருந்துகிறது. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.